சோளகம் எந்தப் பக்கம் அடிக்கும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் போவதா, இல்லை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவதா என்று எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒரு வாரமாக வாக்குவாதம் நடந்தது. ஒரே தெரு, ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் தூரம் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. ஆனால் என் மனைவிக்குத் திசைதான் முக்கியமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான். அவள் தன் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னாள். நான் காற்றைக் காரணம் காட்டினேன்.

காற்றைப் பற்றி நான் சொன்னது பொய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒன்றை ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பெற்றோல் இல்லாமல் கொழும்பே தெருவில் வரிசை கட்டி நின்ற காலத்தில்தான் நாங்கள் சைக்கிள் வாங்கினோம். மருதானையில் பழைய சைக்கிள்களைத் திருத்தி விற்கும் ஒரு கடையில் இரண்டு எடுத்தோம். என் மனைவிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சைக்கிளில் ஏறி இருக்கக்கூடத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பெண்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் கந்தோருக்கும் சைக்கிளில்தான் போவார்கள். அவள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், அங்கே அந்தப் பழக்கமில்லை. கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிஸ்ட புளுவன்த?" என்றார். முடியுமா என்று கேட்டார். முடியும் என்று அவள் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

விடியற்காலையில் மெரின் ட்ரைவில் நான் சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, அவள் பழகினாள். இரண்டு தரம் விழுந்தாள். ஒரு தரம் என் மேலேயே விழுந்தாள். மூன்றாம் கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தனியே ஓடிப் போய்விட்டாள். பிறகு பெற்றோல் வந்தது. எங்கள் மாடிக் குடியிருப்பில் இருந்த எல்லோருடைய சைக்கிள்களும் படிக்கட்டுக்குக் கீழே துருப்பிடிக்கத் தொடங்கின. அவளுடையது மட்டும் துருப்பிடிக்கவில்லை. என்னுடையதும் துருப்பிடிக்கவில்லை, ஏனென்றால் டொக்டர் எனக்குச் சீனி கூடிவிட்டதென்று பயமுறுத்தியிருந்தார். சனிக்கிழமை நீர்கொழும்பு, ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்குப் பூசை என்று அவள் பின்னால் நானும் உழக்கிக்கொண்டு திரிந்தேன். அலுப்பு என்ற சொல்லை நான் எத்தனை தரம் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "ஆகஸ்ட் லீவுக்கு யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள்ல போவோமா?" என்று கேட்டாள். பாண் துண்டைக் கறியில் தொட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. தூரத்துக்குப் பயந்து அல்ல.

என் மனைவி என் ஊர் வீட்டுக்கு ஒருநாளும் போனதில்லை. கலியாணம் முடித்து இருபத்தாறு வருடம். நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்த சைவக்காரன். படித்து முடித்து கொழும்புக்கு வேலைக்கு வந்தபோது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு மேல்மாடியில் அறையெடுத்து இருந்தேன். கீழ்வீட்டுப் பெண்தான் அவள், கத்தோலிக்க வேதக்காரி. சண்டைக்காலம், பாதை பூட்டு. பதிவுத் திருமணம் செய்துவிட்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வர மூன்று மாதம் சென்றது. 'அந்தப் பெட்டையோட இந்தப் படலைக்குள்ள வராதே' என்று ஒரு வரிதான் இருந்தது. படலை என்பது எங்கள் வீட்டு வாசல் கேற். அந்தக் கடிதத்தை நான் மனைவியிடம் காட்டினேன். இளம் வயது, உண்மையை மறைக்கக்கூடாது என்று நினைக்கிற வயது. அவள் அதை மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போவார்கள். வாசலில் நிறுத்தி ஆலாத்தி எடுத்த பிறகு, பொம்பிளை வலது காலை வைத்து உள்ளே போக வேண்டும். வெள்ளவத்தைக்கு வந்தபிறகு இந்த விஷயம் அவளுக்குத் தெரியவந்தது. எங்கள் மாடியில் ஆறு வீடுகள் யாழ்ப்பாணத்து ஆட்கள். கலியாணக் கதை வருகிறபோதெல்லாம் ஒருத்தி, "நீங்கள் கால்மாறிப் போகேல்லையோ?" என்று அவளிடம் கேட்பாள். கேட்பவளுக்குப் பதில் தெரியும். இவளும் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

"இங்கயிருந்து அங்க போவோம்," என்றாள் அன்றிரவு. "உங்கட வீட்டு கேற்றடியில போய் முடிப்போம். நானூறு கிலோமீற்றர் மிதிச்சுக்கொண்டு வந்து நிக்கிற ஒருத்தியை உங்க அம்மா திருப்பி அனுப்ப மாட்டாங்க. ஒரு கிளாஸ் தண்ணியாவது தருவாங்க. ரயில்ல போய் இறங்கினா அனுப்பிடுவாங்க."

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது; என் தங்கையோடு அதே வீட்டில் இருக்கிறாள். இனி எத்தனை வருடம் என்று யாருக்குத் தெரியும் என்பதையும் மனைவியே சொன்னாள். நான் பாணை மென்று விழுங்கினேன். பிறகு, "அந்தப் பக்கம் போனால் எதிர்க்காத்து," என்றேன். "ரயிலில சைக்கிளை ஏத்திக்கொண்டு போய், யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்சால வருவம். காத்துத் தள்ளிக்கொண்டு வரும். உம்மட முழங்காலுக்கும் நல்லது."

ஆடி மாதம் அடிப்பது சோளகம். தெற்கிலிருந்து வடக்கே அடிக்கிற காற்று. யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லும். தை மாதத்தில் வாடைக்காற்றில் பட்டம் விடுவோம். ஆடியில் சோளகம் பனையோலையைச் சடசடவென்று அடித்து, தெருப் புழுதியை வாரிக் கண்ணுக்குள் போடும். கொழும்பிலிருந்து போகிறவனை அது பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே கொண்டுபோய் விடும். நான் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கொட்டாஞ்சேனையில் அவளுடைய அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மனிதர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். காற்றுக் கூடினால் அவர்களுக்கு வேலையை நிற்பாட்டிவிடுவார்கள். ஆகவே காற்று அவருடைய சீவியம். மனைவி மேசையில் வரைபடத்தை விரித்ததும் அவர் கறிக் கையோடு குனிந்து பார்த்தார்.

"மச்சான், இப்ப தென்மேல் காத்துத்தானே," என்றார். "இங்கயிருந்து போனாத்தானே லேசு?"

"அது உங்கட கடல்காத்து," என்றேன். "வன்னிக்குள்ள காடு. அங்க காத்துத் திரும்பி வடக்கால இருந்து இறங்கும். நான் சின்னனில இருந்து அந்தக் காத்துக்குள்ள சைக்கிள் ஓடினவன்."

"ஆ, அப்பிடியா," என்றார் அவர். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தான் ஒன்றைச் சொல்லிவிட்டால் கொட்டாஞ்சேனையில் அதற்கு மேல் அப்பீல் இல்லை. முருங்கைக்காய் எப்படிச் சமைப்பது என்றாலும், கோயிலில் எந்தக் கையால் திருநீறு வாங்குவது என்றாலும் அந்த வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். அன்றைக்குக் காற்றையும் கேட்டார்கள். தினமும் நூறடி உயரத்தில் காற்றுக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனிதர், என் ஊர்க் காற்றைப் பற்றி என் சொல்லை நம்பிவிட்டு இன்னும் கொஞ்சம் இறைச்சி போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

மனைவி வரைபடத்தை மடித்தாள். "சரி, காத்து அப்படியெண்டா என்ன செய்யிறது," என்றாள். அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

ரயிலில் சைக்கிள்களை ஏற்றுவதற்கு ஒரு காலை முழுக்க அலைந்தோம். ஒரு யன்னலில் பாரம் பார்த்து, இன்னொரு யன்னலில் துண்டு எழுதி, மூன்றாவது யன்னலில் இதை முதலிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பேச்சு வாங்கி, ஒருவழியாக ஏற்றினோம். யாழ்ப்பாணத்தில் மத்தியானம் இறங்கியபோது ஏற்கெனவே கொழும்புவரை ஓடி முடித்த களைப்பு எனக்கு. ஸ்டேசனுக்குக் கிட்டவே ஒரு லொட்ஜில் அறை எடுத்தேன். அங்கிருந்து கோண்டாவில் அரை மணித்தியால சைக்கிள் ஓட்டம்.

மனைவி பல்கனியில் நின்று, "உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். கொஞ்சநேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வேணுமெண்டா போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்க இருக்கிறன். அவங்க உங்களை வரவேண்டாம் எண்டு சொல்லல்லயே."

"வேண்டாம். அலுப்பா இருக்கு," என்றேன்.

அடுத்தநாள் விடியலில் கிளம்பினோம். சாவகச்சேரிவரைக்கும் வீடுகளும் வேலிகளும் மரங்களும் மறைத்துக்கொண்டிருந்ததால் காற்று அவ்வளவு தெரியவில்லை. பளை தாண்டியதும் வலப்பக்கத்திலிருந்து விழத் தொடங்கியது. எங்களைத் தெருக்கரையை விட்டுக் கீழே இறக்கப் பார்த்தது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர், ஒரு மரம் இல்லை. அங்கே சைக்கிளை நேராக வைத்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. பஸ் ஒன்று கடந்து போனால் ஒரு கணம் காற்று நிற்கும், அடுத்த கணம் அறைகிற மாதிரி வந்து மோதும். உப்புப் பூத்த வாயோடு நான் கீழே பார்த்தபடி உழக்கினேன். திரும்பி அவளைப் பார்க்கத் துணிவில்லை.

ஆனையிறவு தாண்டினால் தெரு நேரே தெற்கே போகிறது. காற்றும் நேரே முகத்துக்கு வந்தது. ஏறத்தாழ நடக்கிற வேகத்தில் பரந்தனுக்கு வந்து சேர்ந்தோம். தெருவோரத் தேநீர்க் கடை ஒன்றில் நிறுத்தினோம். அவள் இறங்கி, வாங்குப் பலகையில் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரப் பெண் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டாள்.

"யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு," என்றாள் என் மனைவி.

"ஐயோ, ஆடிச் சோளகத்துக்க உங்கால போறியளே? அங்கயிருந்தெல்லோ இஞ்சால வந்திருக்கோணும்! இந்தக் காத்து இன்னும் ஒரு மாசத்துக்கு உப்பிடித்தான் நிக்கும். ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித் தரேல்லையோ?"

மனைவி கோப்பையை வாங்கினாள். ஊதி ஊதிக் குடித்தாள். பாதி குடித்ததும் என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை என்றால் எனக்குப் பழக்கம், ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இது ஒரு பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துகிறபோது பார்க்கிற பார்வை.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்," என்றேன்.

அவள் மிச்சத் தேநீரையும் குடித்து முடித்தாள். கடைக்காரப் பெண்ணிடம், நல்ல தேத்தண்ணி என்று சொன்னாள். அன்று பின்னேரம் கிளிநொச்சி லொட்ஜில் முழங்கால்களுக்கு நோவெண்ணெய் பூசிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். நான் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தேன், சாப்பிட்டாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் பூசி மெழுக ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

காலையில் பைகளைக் கட்டினோம். லொட்ஜ் வாசலில் நான் சைக்கிளைத் தெற்கே திருப்பி ஏறினேன். நாலு தரம் உழக்கியிருப்பேன், பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் தெருவைக் குறுக்கே கடந்து மற்றக் கரையில் நின்றாள். சைக்கிள் வடக்கே பார்த்திருந்தது.

"நீங்க விரும்பினா கொழும்புக்குப் போங்க," என்று தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். "நான் உங்க வீட்டுக்குப் போறன். இருபத்தாறு வருசம் பயந்தது காணும். அவங்க ஏசட்டும். என்னை ஏசினா நான் கேட்டுக்கொள்றன், நீங்க இடையில நிக்கத் தேவையில்ல."

இதைச் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். காற்று அவளுடைய முதுகில் இருந்தது. நான் சைக்கிளைத் திருப்புவதற்குள் ஒரு சந்தி தாண்டிவிட்டாள்.

அம்மா அவளை ஏசுவாள் என்று நான் பயப்படவில்லை. அம்மா அவளோடு நன்றாகக் கதைத்துவிடுவாள் என்றுதான் பயந்தேன். காற்றுப் பொய் சின்னப் பொய். அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அம்மாவின் கோபம் ஆறி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. சமாதானம் வந்து பாதை திறந்திருந்த காலத்தில், தொலைபேசியில், "இனியென்ன கோவம் மோனை, அவளைக் கூட்டிக்கொண்டு வா," என்று அம்மா சொன்னாள். நான் அதை மனைவியிடம் சொல்லவில்லை. அம்மாவிடம், "அவளுக்கு இஞ்சத்தை வெயில் ஒத்துவராதாம், வரமாட்டன் எண்டிட்டாள்," என்று சொன்னேன். பிறகும் கேட்டாள், பிறகும் அதையே சொன்னேன். இரண்டு பேருக்கும் இடையில் என் தொலைபேசி ஒன்றுதான் வழி. அதை நான் கையில் பொத்தி வைத்திருந்தேன்.

ஏன் என்று என்னை நானே கேட்காமல் இல்லை. பெரிய காரணம் இருந்தால் சொல்ல நன்றாக இருக்கும். அலுப்புத்தான் காரணம். வருடத்துக்கு இரண்டு தரம் தனியே கோண்டாவிலுக்குப் போய்ப் படுத்தால், அம்மா சமைத்துப் போடுவாள், யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இவளையும் கூட்டிக்கொண்டு போனால் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை என்று இவளுக்குச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரமாட்டாள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பொட்டுக்கும் பூசைக்கும் நடுவில் நான் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அடுத்த முறை பார்ப்போம் என்று விட்டேன். அடுத்த முறை, அதற்கடுத்த முறை. ஒரு கட்டத்துக்குப் பிறகு, சொன்னால் ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்து இன்னும் பத்து வருடம் போக்கினேன்.

முதல்நாள் எட்டு மணித்தியாலம் எடுத்த தெரு நாலு மணித்தியாலத்தில் ஓடி முடிந்தது. ஆனையிறவுவரை உழக்கத் தேவையில்லை. காலை வைத்திருந்தால் போதும், சோளகம் கொண்டுபோனது. பிறேக் பிடித்துப் பார்த்தேன், அதற்கும் மசியவில்லை. பரந்தன், ஆனையிறவு, பளை. அவள் முன்னால் ஒரு மஞ்சள் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தாள். எட்டிப் பிடித்து, நில்லும், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். பளையில் சொல்ல நினைத்தேன். பிறகு சாவகச்சேரியில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கோண்டாவில் சந்தியில் அவள் இறங்கி நின்று எனக்காகக் காத்திருந்தாள். முகமெல்லாம் புழுதி, உதடு வெடித்திருந்தது.

"இனி நீங்க முன்னுக்குப் போங்க," என்றாள். "எனக்கு வழி தெரியாது."

இதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். நான் முன்னால் போனேன். ஒழுங்கைக்குள் திரும்பி, எங்கள் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் இறங்கினேன். சைக்கிளைப் பூட்டுகிற சாட்டில் குனிந்து நின்றேன். யாழ்ப்பாணத்தில் சொந்த வீட்டு வாசலில் யாரும் சைக்கிளைப் பூட்டுவதில்லை. அவள் என்னைக் கடந்து கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அம்மா விறாந்தையில் கதிரையில் இருந்தாள். கண்ணில் புரை, ஆளைக் கிட்டப் போனால்தான் தெரியும். "ஆர் பிள்ளை அது?" என்றாள். பதில் வருவதற்குள்ளேயே, "உந்த வெயிலுக்க சைக்கிளிலயே வந்தனீ? இரு, இரு, தண்ணி கொண்டுவாறன்," என்று எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். செம்பில் தண்ணீர் வந்தது. மனைவி நின்றபடியே முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டு, "நான் உங்க மருமகள், மாமி," என்றாள்.

அம்மா கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். கையை நீட்டி அவளுடைய முழங்கையைப் பிடித்துக் கிட்ட இழுத்துப் பார்த்தாள்.

"வரவே மாட்டன் எண்டனியாம். வெயில் ஒத்துவராதாம்."

"நான் அப்படிச் சொல்லல்ல மாமி. நீங்கதான் இந்தக் கேற்றைத் தாண்டக்கூடாது எண்டு எழுதினீங்க. அந்தக் கடிதம் இன்னும் என்கிட்ட இருக்கு."

"அது அப்ப. ஒரு விசர்க் கோவத்தில எழுதினது. பிறகு எத்தினை தரம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னனான்!"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் முற்றத்தில் தலைக்கவசத்தோடு நின்றேன்.

"எடேய்," என்றாள் அம்மா. "நீ இவளுக்கு என்ன சொன்னனீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை அம்மா," என்றேன். "எனக்கு அலுப்பா இருந்தது."

மனைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகக் காலை எடுத்தாள். "நில்லு பிள்ளை," என்று அம்மா மறித்தாள். மனைவியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. நானும் பயந்துபோனேன். "உப்பிடிப் போகேலாது. முறை ஒண்டு இருக்கு. நான் தாலியறுத்தவள், ஆலாத்தி எடுக்கக்கூடாது. தங்கச்சி வேலையால வரட்டும்."

அப்படியே விறாந்தைப் படியில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். அவள் ஒரு முனையில், நான் மறுமுனையில். வியர்வை காய்ந்து உப்பாகி உடம்பில் அரித்தது. தங்கை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கி, அண்ணியைக் கண்டு, கட்டிப்பிடித்து, அழுது, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட ஓடினாள். ஆலாத்தி எடுக்க இரண்டு பெண்கள் வேண்டும். தட்டில் மஞ்சள் தண்ணீர், வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள்.

"அண்ணா, பக்கத்தில வந்து நில்லுங்கோ," என்றாள் தங்கை.

வந்து நின்றேன். கால்சட்டையோடு, கருகிய முகத்தோடு, ஐம்பத்து நான்கு வயது மாப்பிள்ளை. இருபத்தாறு வருடமாக அவள் ஆசைப்பட்டது. என் பக்கத்தில் நிற்கவே அவளுக்குப் பிடிக்காத ஒரு நாளில் நடந்தது. தோளோடு தோள் முட்டாமல் ஓர் அங்குலம் விட்டுத்தான் நின்றாள். தட்டு மூன்று தரம் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் நெற்றியில் பொட்டு வைத்தபோது தலையைக் குனிந்து கொடுத்தாள். வீங்கிய வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலைப் பார்க்கச் சொல்லித் தங்கையை விரட்டினாள்.

உள்ளே சுவரில் எங்கள் மகளின் படங்கள் வரிசையாகத் தொங்கின. நான் ஒவ்வொரு வருடமும் கொண்டுபோய்க் கொடுத்தவை. பிறந்த கிழமை எடுத்ததிலிருந்து, போன வருடம் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனபோது விமான நிலையத்தில் எடுத்ததுவரைக்கும். அம்மா பேத்தியை நேரில் கண்டதில்லை. மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, கால் தாங்காமல் நிலத்திலேயே உட்கார்ந்தாள். சிவப்புச் சீமெந்துத் தரை, குளிர்ச்சியானது. கையை அதில் விரித்து வைத்தாள்.

"உங்க அம்மா முதல் முதல் என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது எப்ப?" என்று கேட்டாள். காலையிலிருந்து என்னிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி.

இந்த முறை பொய் சொல்ல எனக்குச் சக்தியில்லை. "பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்ச கிழமை," என்றேன். "பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு வா எண்டு சொன்னவ."

அவள் தரையை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள்.

"அப்ப எங்க பிள்ளை இந்த நிலத்தில தவழ்ந்திருப்பாள்," என்றாள்.